நான்கு மானிட்டர் மிக்ஸுக்குப் பணம் கொடுத்து ஒன்றே ஒன்றைப் பெற்ற கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில், ஆடி மாதம் கூழ் வார்த்த அன்று மாலை, அம்மன் பாடல்களும் கானாவுமாக ஒரு கச்சேரி வைத்திருந்தோம். ஒலி ஏற்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பு விழாக்குழுவில் என் தலையில் விழுந்தது. மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனில், பாடகர், கீபோர்டு, டோலக், தபேலா ஆகிய நால்வருக்கும் தனித்தனி மானிட்டர் மிக்ஸ் (மேடையில் இருப்பவர் தனக்குக் கேட்க வைக்கும் பெட்டிக்குப் போகும் ஒலிக்கலவை), தெருக்கோடி ஸ்பீக்கர்களுக்குத் தனி மிக்ஸ், வீடியோவுக்குத் தனி அவுட் என்று வரிவரியாக இருந்தது. மொத்தம் 26,000 ரூபாய். அதில் 13,000 முன்பணம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சர் வரும் என்றும் வாய்மொழியாகச் சொன்னார். அதில் தனித்தனி மிக்ஸ் போட 16 மிக்ஸ் பஸ்களும், அவற்றை மீண்டும் கலந்து அனுப்ப 6 மேட்ரிக்ஸ்களும், பின்புறம் வயர் செருக 16 எக்ஸ்எல்ஆர் அவுட்டுகளும் உண்டு என்பதால், ஆறு தனி மிக்ஸ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு வண்டியிலிருந்து இறங்கியது ஒரு சிறிய அனலாக் மிக்சர். கேட்டதற்கு, "அது வேற ஃபங்ஷன்ல மாட்டிக்கிச்சுண்ணா, இதுலயே பக்காவா வரும்" என்றார். ஒவ்வொரு சேனலிலும் ஆக்ஸ் குமிழ்கள், அதாவது அந்த மைக்கின் ஒலியை வேறு வழியில் தனியாக அனுப்பும் குமிழ்கள், இரண்டே இருந்தன. அவற்றில் ஒன்று எக்கோவுக்குப் போய்விட்டால் மானிட்டருக்கு மிஞ்சுவது ஒன்றுதான் என்ற கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேடையில் நான்கு மானிட்டர் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கும் எவருக்கும் நான்கு மிக்ஸ் என்றுதான் தோன்றும். இடைவேளையில் கீபோர்டு வாசித்த தம்பி என்னை அழைத்துப் பெட்டிகளின் பின்புறத்தைக் காட்டினார். மிக்சரிலிருந்து வந்த ஒரே வயர் முதல் பெட்டியில் நுழைந்து, அங்கிருந்து இரண்டாவதுக்கும், அப்படியே நான்காவது வரைக்கும் தாவிச் சென்றிருந்தது. டோலக்காரர் கீபோர்டைக் கூட்டச் சொன்னால் பாடகர் காதிலும் கீபோர்டு கூடியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அதைவிடப் பெரிய கேடு, அந்த ஒற்றை மிக்ஸையும் போஸ்ட் ஃபேடரில் அனுப்பியிருந்ததுதான். ஃபேடர் என்பது மக்களுக்குப் போகும் ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் பிடி. ஆக்ஸுக்குப் போகும் ஒலியை ஃபேடருக்கு முன்பும் எடுக்கலாம், பின்பும் (போஸ்ட் ஃபேடர்) எடுக்கலாம். முன்பு எடுத்தால், அதாவது ப்ரீ ஃபேடரில் வைத்தால், மக்களுக்குப் போகும் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் மேடையில் கேட்பது மாறாது. மானிட்டருக்கு அதுவே முறை. எக்கோவுக்கு மட்டும் போஸ்ட் ஃபேடர் பொருந்தும். இங்கே இரண்டாவது பாட்டிலேயே மைக் ஊளையிட, மைக் செட்காரர் பாடகரின் ஃபேடரை இறக்கினார். உடனே மானிட்டரிலும் பாடகரின் குரல் மறைந்தது. தன் குரலே காதில் விழாமல் அவர் மேலும் கத்திப் பாடினார், சுருதி விலகியது, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் மிக்சர் பக்கம் விரலை உயர்த்தி உயர்த்திக் காட்டினார். ஃபேடர் ஏறியது, மீண்டும் ஊளை. பாட்டுக்குப் பாட்டு இதே கூத்துதான். பாவம், அந்தப் பாடகர்மேல்தான் பழி விழுந்தது.

தெருக்கோடி ஸ்பீக்கர்கள் மேடையிலிருந்து ஏறத்தாழ அறுபது மீட்டர் தள்ளி இருந்தன. வயர் வழியாக ஒலி அங்கே உடனே போய்விடும். காற்றில் மேடை ஒலி வந்து சேர 0.17 விநாடி ஆகும். தனி மிக்ஸ் இருந்து அதில் அந்த அளவு டிலே (தாமதம்) வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகக் கேட்டிருக்கும். மேடை ஸ்பீக்கர்களுக்குப் போகும் மெயின் அவுட்டையே பிரித்துக் கொடுத்ததால், அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது. வீட்டுக்கு முன்னால் ஒலியைக் குறைக்கச் சொன்னவர்களுக்காகக் குறைக்கவும் வழியில்லை. அங்கே குறைத்தால் மேடை ஸ்பீக்கரிலும் குறையும்.

வீடியோவுக்கும் அதே மெயின்தான் போயிருந்தது. டோலக் நேரடியாகவே ஓங்கி ஒலிக்கும் வாத்தியம் என்பதால் மெயினில் அதை மிகக் குறைவாகத்தான் வைப்பார்கள். பதிவைப் போட்டுக் கேட்டால், கானாவுக்கு உயிரான தாளத்தையே காணோம். கீபோர்டும் குரலும் மட்டுமே இருக்கின்றன.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், இடைவேளைக்குப் பிறகு எதையும் அவிழ்த்து மாற்ற நேரம் இல்லை. முடிந்ததும் கொட்டேஷனைக் காட்டிக் கேட்டேன். "ஜனங்க கேட்டாங்க, ஆடுனாங்க, அப்புறம் இன்னாண்ணா?" என்றார்.

அடுத்து ஏற்பாடு செய்பவர்கள், மிக்சரின் மாடலையும், எக்கோ போக எத்தனை ஆக்ஸ் மீதம் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். சோதனையின்போது பாடகரைப் பேசவிட்டு, அவருடைய ஃபேடரை முழுவதும் இறக்கச் சொல்லுங்கள். மானிட்டரில் குரல் அப்படியே நிற்க வேண்டும். பிறகு ஒரு மானிட்டரில் மட்டும் கீபோர்டை நிறுத்தச் சொல்லிப் பக்கத்துப் பெட்டியில் காதை வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாக்கி 13,000 ரூபாயில் 6,000 பிடித்துக்கொண்டோம். அதற்கு அவர் இன்னும் தினமும் போன் செய்துகொண்டிருக்கிறார்.