பெட்ரோல் மூடி திறக்கவில்லையா? கேபிள், ஸ்பிரிங், ஸ்பிரே: எதற்குக் காசு கொடுக்கலாம்

லீவரை இழுத்தும் பெட்ரோல் மூடி திறக்கவில்லை என்றால் பலரும் முதலில் கேட்டு வாங்குவது கேபிள். பெரும்பாலும் தேவைப்படாததும் அதுதான். மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஆல்டோ, ஹூண்டாய் ஐ10 போல லீவரும் கேபிளும் உள்ள கார்களில் இந்தக் கோளாறுக்குக் கடைகளில் விற்கும் பொருட்களையும், ஒர்க்‌ஷாப்பில் செய்துதரும் வேலையையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறோம். அமுக்கினால் திறக்கும் வகை மூடிகளைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எதை வாங்கினாலும் வீண்செலவு. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் லீவரிலிருந்து, கதவுப் படிக்கட்டின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஒரு கேபிள் பின்பக்கம் போகிறது. வெளியே உறை, உள்ளே எஃகுக் கம்பி. சைக்கிள் பிரேக் கேபிள் போலத்தான். மறுமுனையில் பெட்ரோல் ஊற்றும் குழிக்குள் ஒரு சிறிய பின் (pin) நீட்டிக்கொண்டிருக்கும். மூடியின் உட்புறக் கொக்கியைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பின். லீவரை இழுத்தால் பின் உள்ளே போகும். அவ்வளவுதான் கேபிளின் வேலை. மூடியை வெளியே தள்ளுவது வேறொரு பொருள்: ஒரு தகட்டு ஸ்பிரிங். பல ஜப்பானிய மாடல்களில் அது பின் இருக்கும் லாக்கின் பிளாஸ்டிக் நட்டுக்கு அடியிலேயே மாட்டியிருக்கும். சிலவற்றில் கீலோடு சேர்ந்திருக்கும். ஆக, கேபிள் ஒழுங்காக வேலை செய்து, பின்னும் உள்ளே போய், மூடி மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பது முழுக்கச் சாத்தியம்.

அதனால் கடைக்குப் போகுமுன் இரண்டு பேராக ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவர் லீவரை இழுத்து, விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் மூடியின் திறக்கும் பக்கத்து ஓரத்தை உள்ளங்கையால் மெதுவாக உள்ளே அமுக்கிவிட்டு, நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ வெளியே இழுக்கட்டும். இப்படித் திறந்துகொண்டால் கேபிளில் குறையில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கீல் இறுகியிருக்கிறது. அமுக்காமல் இழுத்தால் வராமல், அமுக்கினால் மட்டும் வருகிறதா? மூடியின் அழுத்தம் பக்கவாட்டில் பின்மேல் விழுந்து அதைச் சிக்க வைக்கிறது என்று அர்த்தம். பின்னில் அழுக்கோ துருவோ சேர்ந்திருக்கும், அல்லது மூடி சற்று இடம் மாறியிருக்கும்.

லீவர் கையில் எப்படிப்படுகிறது என்பதும் முக்கியம். இழுக்கும்போது ஓர் எதிர்விசை இருந்து, விட்டதும் தானாகத் திரும்பி, மூடிப் பக்கம் ‘டக்’ என்று சத்தமும் கேட்டால் கேபிள் நலம். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று மேலே வந்தால் கேபிள் முனையின் குண்டு லீவரிலிருந்து கழன்றிருக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. லீவர் அசையவே மறுத்தால் கம்பி உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது பின் சிக்கியிருக்கும். இந்த நிலையில் பலத்தைக் காட்டக் கூடாது. லீவர் பிளாஸ்டிக், உடைந்தால் ஒரு வேலை இரண்டு வேலையாகும்.

ஸ்பிரிங்

எங்கள் கணக்கில் காசுக்கு அதிகப் பலன் தருவது இந்தச் சின்னத் தகடுதான். வருடக்கணக்கில் மூடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்து தட்டையாகிவிடும். கடற்கரை ஊர்களில் மேலே துரு ஏறி, வளைவின் நடுவில் ஒடியும். ஒடியாமல் தளர்ந்திருந்தால் மூக்கு பிளையரால் பிடித்து, வெளிப்பக்கமாகச் சில மில்லிமீட்டர் வளைத்துவிட்டாலே மூடி மறுபடி துள்ளித் திறக்கும். ஒரே இடத்தில் மடக்கக் கூடாது, நீளவாக்கில் வில்லாக வளைக்க வேண்டும். மடித்த இடம் சீக்கிரம் ஒடியும். இந்தக் கைவைத்தியம் சில மாதங்கள் தாங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரிஜினல் ஸ்பிரிங்கையே வாங்குங்கள், கம்பெனி உதிரிபாகக் கவுன்ட்டரில் தனியாகவே கிடைக்கும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் தகடுகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கடினமாக இருந்தால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பாடியோடு மட்டமாக உட்காராது. மென்மையாக இருந்தால் பழைய கதைதான்.

நெம்பும் கருவிகள்

டாஷ்போர்டு, டோர் பேட் கழற்ற விற்கும் நைலான் பட்டைகள் நான்கைந்து சேர்ந்த செட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது போதும். அதில் அகலமான, முனை மெல்லியதாக இருக்கும் பட்டைதான் பயன்படும். ‘வி’ வெட்டு உள்ளது டிரிம் கிளிப் பிடுங்க உதவும். முனை சொரசொரப்பாக வார்க்கப்பட்டிருந்தால் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள்) தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மூடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, லீவரை ஒருவர் பிடித்திருக்கும்போது மட்டும் நெம்புங்கள். பின் பூட்டியிருக்கும்போது நெம்பினால் மூடியின் கொக்கி உடையும், அல்லது தகடு வளையும்.

ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். பெயின்ட் ஓரம் சிதறும், அங்கே துரு தொடங்கும், மூடி வளைந்து சுற்றுச் சந்து ஏற்றத்தாழ்வாகிவிடும். அப்புறம் டிங்கரிங், கலர் மேட்சிங் என்று செலவு ஏறும். எந்த ஸ்பிரிங்கும் கேபிளும் அந்தச் செலவுக்கு ஈடாகாது.

ஸ்பிரேயும் கிரீஸும்

டபிள்யூடி-40 பற்றித் தவறான எதிர்பார்ப்பு நிறைய இருக்கிறது. 1953இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது: டபிள்யூடி என்றால் ‘வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்’, நீரை விலக்குதல். சிக்கிய பின்னையும் இறுகிய கீலையும் இளக்குவதில் அது அருமை. சிவப்புக் குழாயை மாட்டி, மூடியின் சந்து வழியாகப் பின் இருக்கும் இடத்துக்குக் குறிபார்த்து ஒரு சிறு பீய்ச்சல், பத்து நிமிடம் பொறுமை, பிறகு லீவரை நாலைந்து முறை இழுத்துவிடுதல். இதற்கே பாதி வண்டிகள் வழிக்கு வந்துவிடும். ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதோடு நிறுத்தினால் அடுத்த மழைக்காலத்தில் மூடி மறுபடி மக்கர் செய்யும்.

திறந்தபின் செய்ய வேண்டியதுதான் நிலைக்கும். துணியால் குழியைத் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பின்னைச் சுற்றியுள்ள அழுக்கை எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிளாஸ்டிக் பின்னுக்கும் ரப்பருக்கும் சிலிக்கோன் கிரீஸ். உலோகக் கீலுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். இரண்டும் மிளகளவு போதும். பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸை இங்கே அப்பினால் நம் ஊர்ப் புழுதி அதில் ஒட்டிச் சாந்தாகிவிடும். தேங்காய் எண்ணெயும் கூடாது. 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்பிரேக்கள் தீப்பிடிக்கக்கூடியவை. பங்கில் நின்றுகொண்டு அடிக்காதீர்கள். என்ஜினை அணைத்து, திறந்தவெளியில், உள்ளே பெட்ரோல் டேங்கின் திருகுமூடி இறுக்கமாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

எதற்கும் மசியாவிட்டால்

டிக்கி வழியாகப் போக வேண்டும். பெட்ரோல் குழி இருக்கும் பக்கத்து உட்புற டிரிம்மை முழுதாகக் கழற்றத் தேவையில்லை. இரண்டு மூன்று கிளிப்புகளைப் பிடுங்கி, கை நுழையும் அளவு விலக்கினால் போதும். டார்ச் அடித்துப் பார்த்தால் சக்கர வளைவுக்கு மேலே கேபிள் வந்து லாக்கில் முடியும் இடம் தெரியும். பல மாடல்களில் அந்த லாக்கைக் கால் சுற்று திருப்பினால் கேபிளோடும் பின்னோடும் டிக்கிப் பக்கமாக வெளியே வந்துவிடும். அந்தப் பின் விலகிவிட்டால் மூடியைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. தகட்டு ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் கை விடாதீர்கள்.

கேபிள்

உண்மையிலேயே அறுந்திருந்தால்தான் இந்தச் செலவு. இதில் எங்கள் தீர்ப்பு தெளிவானது: மாருதிக்கு ஒரிஜினல், ஹூண்டாய்க்கு மோபிஸ் (ஹூண்டாயின் ஒரிஜினல் உதிரிபாகங்கள் இந்தப் பெயரில்தான் வரும்). வெளிக் கம்பெனிக் கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேபிளை ஓர் அடி அகல வட்டமாகச் சுருட்டிப் பிடித்து, உள் கம்பியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நல்ல கேபிளில் உறைக்குள் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கும், கம்பி தடையின்றி ஓடும். அது இல்லாதவற்றில் ‘கரகர’வென்று உரசும். முனைக் குண்டு கம்பியோடு சேரும் இடத்தில் இழைகள் பிரிந்து நின்றாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீளம் மாடலுக்கு மாடல் மாறும். ஸ்விஃப்ட் என்று மட்டும் சொன்னால் போதாது. இந்தியாவில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறைகள் வந்திருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். புதுப்பேட்டையில் மூடி, லாக், லீவர் வாங்கலாம், அவை பார்த்தாலே நிலைமை தெரியும் பொருட்கள். பழைய கேபிள் மட்டும் வாங்க வேண்டாம், உள்ளே இருக்கும் துரு கண்ணுக்குத் தெரியாது.

மாட்டும்போது ஒரு சூட்சுமம். பழைய கேபிளை உருவுமுன் அதன் முனையில் உறுதியான நைலான் நூலைக் கட்டிவிடுங்கள். கேபிள் வெளியே வரும்போது நூல் அதன் பாதையில் தங்கும். அதில் புதியதைக் கட்டி இழுத்தால் கம்பளத்தை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. படிக்கட்டுப் பட்டை, நடுத்தூணின் கீழ் டிரிம், பின் இருக்கையின் அடிப்பாகம் ஆகியவற்றைத் தூக்கினால் போதும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்குக்கு உரியது. கேபிளை எங்கும் கூர்மையாக மடக்காமல், பிளாஸ்டிக் டேகால் இறுக்கிக் கட்டாமல் விடுங்கள். வளைவு கூடக் கூட லீவர் கனக்கும்.

யாரிடம் கொடுப்பது

வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர், யோசிக்கவே வேண்டாம். வாரண்டி முடிந்த வண்டிக்கு, இருக்கைகளையும் டிரிம்களையும் கழற்றி மாட்டிப் பழகிய கார் ஏசி, எலக்ட்ரிக்கல் வேலைக்காரரே பொருத்தமானவர். டிங்கரிங் கடை கடைசி வழி. எங்கே போனாலும் மேலே சொன்ன இரண்டு பேர் சோதனையை உங்கள் முன் செய்யச் சொல்லுங்கள். அதைச் செய்யாமலே ‘கேபிள் செட் மாத்தணும்’ என்று எழுதும் இடத்தில் வண்டியை விட வேண்டாம். பில்லில் பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும். கழற்றிய கேபிளைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள்.

அமுக்கினால் திறக்கும் மூடிகள்

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் லீவர் கிடையாது. சென்ட்ரல் லாக் திறந்தால் ஒரு சிறு மோட்டார் பின்னை உள்ளே இழுக்கும், பிறகு மூடியை அமுக்கினால் வெளியே வரும். ஒரு முறை அழுத்தினால் ஓட்டுநர் கதவு மட்டும் திறக்கும்படி சாவி அமைக்கப்பட்டிருந்தால் மூடி பூட்டியே இருக்கலாம். எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு முயலுங்கள். மூடியருகே காதை வைத்துக்கொண்டு பூட்டித் திறக்கச் சொன்னால் மோட்டாரின் ‘ஜிக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு மோட்டாருக்கு வரும் கரன்ட். இங்கே மல்டிமீட்டரைவிட 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் நல்லது. கரன்ட் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வரும்; மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் போய்விடும், பல்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

பல மாடல்களில் டிக்கியின் பக்க டிரிம்முக்குப் பின்னால் அவசரத்துக்கு இழுக்க ஒரு கயிறோ கொக்கியோ இருக்கும். இடம் வண்டிக் கையேட்டில் இருக்கும். மெதுவாக, நேராக இழுக்க வேண்டும். மோட்டார் போயிருந்தால் முழு யூனிட்டாக ஒரிஜினலே வாங்குங்கள். கதவு லாக்குக்கு விற்கும் மலிவு மோட்டாரைக் கம்பி கட்டிப் பொருத்தித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதன் இழுப்பு நீளம் வேறு, இழுக்கும் பலமும் வேறு, பின்னை வளைத்துவிடும்.

திரும்ப வராமல் இருக்க

பெட்ரோல் குழியின் அடியில் ஒரு சிறு வடிகால் துளை உண்டு. மழைநீரும் சிந்திய பெட்ரோலும் அதன் வழியே கீழே போக வேண்டும். அது அடைத்தால் நீர் தேங்கும்; பின்னும் கீலும் துருப்பிடிக்கும். வாட்டர் சர்வீஸ் விடும்போது மூடிச் சந்தில் நேராக அதிக அழுத்த நீரை அடிக்கவிடாதீர்கள். பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் ஃபிலிம்) ஒட்டிய வண்டிகளில் மூடியின் ஓரத்தைச் சுற்றி மடித்த ஃபிலிம் சந்தை இறுக்கிவிடுகிறது. ஒட்டிய பிறகு மூடி திறக்கக் கனத்தால் ஒட்டியவரிடமே போய் அந்த மடிப்பை வெட்டச் சொல்லுங்கள். பங்கில் கன் தானாக நின்றபின் ரவுண்டு ரூபாய்க்காக மேலும் ஊற்றச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். வழிகிற பெட்ரோல் நீங்கள் வைத்த கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும், மூடியை ஏந்தும் ரப்பரையும் ஊதவைக்கும்.