மக்கும் உறை என்று 8,640 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

8,640 ரூபாய். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பச்சி சேர்த்துவைத்த காமிக்ஸில் 37 புத்தகங்களின் மேலட்டையில் உறை ஒட்டிக்கொண்டு, இழுத்தால் மையோடு உரிந்து வருகிறது. போன வாரம் பெட்டகத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். நேற்று ராத்திரி அந்த உறையை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்குடி பக்கம். அப்பச்சி (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய நாளிலிருந்து வாங்கியவர். 1984இல் வந்த லயனும் ராணியும் அப்புறம் சேர்ந்துகொண்டன. இப்போது மிஞ்சியிருப்பது 144. எல்லாம் மலிவுத் தாள். மரக்கூழில் இருக்கிற லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுக் கெட்டு, தாளைப் பழுப்பாக்கும். கூடவே அமிலம் ஊறித் தாள் நொறுங்கிவிடும். நல்ல உறை போடவேண்டும், ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் ஊர் கண்மாயில் மிதக்கிற பைகளைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு.

அப்போதுதான் அந்த ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. பசுமைப் பொருட்கள் விற்கிற கடை, அவ்வளவுதான் சொல்வேன். சோளமாவில் செய்த மக்கும் உறை ஒன்று, புத்தகத்தின் பின்னால் வைக்க அமிலமில்லாத பருத்திக்கூழ் அட்டை ஒன்று. சேர்த்து ஒரு செட் 60 ரூபாய்.

போன் செய்தேன். அந்த ஆள் முக்கால் மணி நேரம் பேசினான். “எந்த ஊருண்ணே?” என்று கேட்டான். சொன்னதும், “அடடா, ரோஜா முத்தையா ஊருக்குப் பக்கமா?” என்றான். அங்கேதான் விழுந்தேன். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் நோட்டீசுகளும்தான், 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அந்தப் பெயர் தெரிந்தவன் காகிதத்தின் அருமையும் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று நம்பிவிட்டேன். “உங்க அப்பா புக்கு எங்க வீட்டு புக்கு மாதிரிண்ணே” என்றான். ஒரு சாம்பிள்கூடக் கேட்காமல் 8,640 ரூபாயையும் ஜிபேயில் அப்போதே அனுப்பினேன்.

ஆடிக் கடைசியில் பார்சல் வந்தது. ஆத்தாவும் நானும் இரண்டு நாள் பட்டாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உறை போட்டோம். அப்பச்சி இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று ஆத்தா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை மழை பிடித்ததும் உறை பிசுபிசுத்துவிட்டது. ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. அட்டை பட்ட பின்பக்கமெல்லாம் பழுப்புத் தடம். சென்னையில் நூலகத்தில் வேலை பார்க்கிற நண்பன் அமிலம் பார்க்கும் பேனா ஒன்று அனுப்பினான். அட்டையில் கோடு போட்டால், அமிலம் இல்லையென்றால் ஊதா நிறம் வரவேண்டும். பளிச்சென்று மஞ்சள் வந்தது. “மக்கும் என்றால் ஈரத்திலும் சூட்டிலும் சிதையட்டும் என்றே செய்தது. புத்தகத்தைக் காப்பாற்ற அதையா போட்டாய்?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

கடைக்காரனிடம் கேட்டால், “உங்க ஊர் வெயில்ணே” என்றான். மழையில்தானே கெட்டது என்றேன். “அப்ப ஈரம்ணே.” போட்டோ கேட்டான், 52 போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு ஒரு பெண் பேசினார்: ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம், அதுதான் பாலிசியாம். மறுநாள் மேனேஜர் லீவாம். அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்! கடைசியில் அவனே பேசினான்: “பழைய புக்குதானேண்ணே, விடுங்க.” என் 8,640 ரூபாயை விடச் சொல்கிறான், அதையாவது பொறுக்கலாம். என் அப்பச்சியின் புத்தகத்தைப் பழைய புக்கு என்கிறான்.

1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன்.

எப்படிப் பாதுகாப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, அவசரத்துக்குச் சிலது மட்டும். மக்கும் உறை எதுவும் வேண்டாம். வாடை அடிக்கிற பிவிசி உறையும் வேண்டாம், அதுவும் அமிலம் கக்கும். பாலியெஸ்டர் உறை பிளாஸ்டிக்தான், ஆனால் பல பத்தாண்டு தாங்கும், அடிக்கடி குப்பைக்குப் போகாது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் பிளீச் செய்யாத பருத்தித் துணியைக் கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்துச் சுற்றுங்கள். பூச்சி வராமலிருக்க வசம்பைத் தனியாக முடிந்து வையுங்கள், தாளில் படக்கூடாது. அட்டை எதுவானாலும் முதலில் ஒன்று மட்டும் வாங்கிப் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். முழுப்பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்.

உறை ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். நான் ஆத்திரத்தில் இரண்டைப் பிய்த்துவிட்டேன். ஒன்றில் இரும்புக்கை மாயாவியின் முகம் உறையோடு வந்துவிட்டது.