ஹெல்மெட் மோதல்: கல்லூரி விதியா, என்எஃப்எல் விதியா?

அமெரிக்கக் கால்பந்தில் ஹெல்மெட்டின் உச்சியால் எதிராளியை முட்டினால், கல்லூரி ஆட்டம், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் இரண்டு இடத்திலும் முட்டியவரின் அணிக்கு 15 யார்டு போகும். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

கல்லூரி ஆட்டத்தில் 2013 முதல் ‘டார்கெட்டிங்’ (எதிராளியின் தலை, கழுத்தைக் குறிவைத்தோ ஹெல்மெட் உச்சியாலோ மோதுவது) செய்தவர் வெளியே போக வேண்டும். வீடியோ ரீப்ளேயில் சரிபார்ப்பது கட்டாயம்; கள நடுவர் விதிமீறல் கொடி வீசாத அப்பட்டமான மோதலுக்கும் ரீப்ளே அறையே தண்டனை தரலாம். தலையைத் தாழ்த்துவது, எம்பிப் பாய்வது எல்லாம் குறிவைத்ததற்கு அடையாளம். ஆனால் பந்தோடு ஓடுபவர் கடைசி நொடியில் குனிந்தால்? அதே மோதலுக்கு ஒரு ஆட்டத்தில் வெளியேற்றம், இன்னொன்றில் ஒன்றுமில்லை. ரசிகர்கள் கொதிப்பது இதற்குத்தான்.

என்எஃப்எல்லில் 2018 முதல் தலை தாழ்த்தி மோதுவதே குற்றம். வெளியேற்றுவது நடுவர் முடிவு, அது அபூர்வம். கொடி விழாத மோதலுக்கும் பின்னால் அபராதம் வரும். தோற்ற அணிக்கு அதில் ஒரு யார்டும் திரும்பாது!

கடுமை அதிகமென்றாலும், ஆட்டம் முடியும் முன்பே திருத்தும் கல்லூரி முறைதான் மேல்.