டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: கல்லூரி மாணவர் சேரலாமா?

மேடைப் பயம் போக்கும் வார இறுதி வகுப்புகளைவிட இது ஒரு படி மேல். மேடைப் பேச்சும் தலைமைப் பண்பும் பழக, 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு. 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம். வாத்தியார் கிடையாது, பேசிப் பேசித்தான் பழக வேண்டும்.

முதல் பேச்சான 'ஐஸ் பிரேக்கர்' 4 முதல் 6 நிமிடம். நேரத்தைத் தெரிவிக்க 4ஆம் நிமிடத்தில் பச்சை, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு காட்டுவார்கள். முழுக்க மனப்பாடம் செய்து வருபவர்கள் மஞ்சளைக் கண்டதும் வேகமெடுத்து, முடிவுரையை விழுங்கிவிடுவார்கள். கடைசி இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, நடுப்பகுதிக்குக் குறிப்பு வைத்துக்கொண்டால் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். நம் 'ம்ம்', 'வந்து', 'ஆக்சுவலி' எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லவே 'ஆ-கவுண்டர்' என்று ஒருவர் இருப்பார். கூச்சமாகத்தான் இருக்கும், பலன் உண்டு.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கைகொடுப்பது டேபிள் டாபிக்ஸ்: அங்கேயே தரும் தலைப்பில் தயாரிப்பே இல்லாமல் 1 முதல் 2 நிமிடம் பேசுவது.

தலைமைப் பயிற்சி? பொறுப்பு ஏற்காதவரை சுமார்தான். கல்வித் துணைத்தலைவர் பதவியைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பேச்சாளர் பிடிப்பது, கடைசி நேரத்தில் கைவிரித்தவருக்கு மாற்று தேடுவது என ஆளைப் புரட்டி எடுத்துவிடும்.

சந்தா ஆறு மாதத்துக்கு ஒருமுறை, டாலர் கணக்கில். மாணவர் பைக்குக் கனம். முதலில் விருந்தினராகப் போய்ப் பாருங்கள். பேச்சைக் கேட்டு நிறைகுறை சொல்ல வேண்டிய மதிப்பீட்டாளர்கள் பாராட்டிவிட்டு மட்டும் உட்கார்ந்தால் வேறு கிளப் பாருங்கள்.