பாலைவன வார இறுதி என்று நம்பி 2,860 வெள்ளியை இழந்தோம்

மே தின விடுமுறையை ஒட்டி வந்த மூன்று நாள் வார இறுதியில் என் மனைவியையும் 68 வயதாகும் என் தந்தையையும் சிங்கப்பூரிலிருந்து ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கு அழைத்துச் சென்றேன். திரும்பி ஒன்பது நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. ஜூன் பள்ளி விடுமுறைக்கு அதே விளம்பரம் மீண்டும் ஓடுவதைப் பார்த்ததால் இன்றே எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து, கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் ஒற்றை மேசையோடு நடக்கும் சிறிய பயண முகவை அது. அங்கிருந்தவர் என் தந்தையை "அப்பா" என்று அழைத்து, நாற்காலியை விசிறிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். ஆள் அரவமற்ற மணல்வெளியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தந்தை சொன்னதும், "அதுக்கு இந்த நேரத்துலதான் அப்பா போகணும். சாம் மணல்மேட்டுல உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க, கூடாரத்துல ஏர்கான் இருக்கு" என்றார். தந்தையின் முகம் மலர்ந்ததைப் பார்த்த அந்த நொடியில்தான் நான் நம்பினேன். நிறுவனக் கணக்குக்கு அனுப்பினால் உறுதிசெய்ய இரண்டு நாளாகும், சலுகை விலையோ இன்றோடு முடிகிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, அவருடைய கைப்பேசி எண்ணுக்கே பேநவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக 2,860 வெள்ளியை அனுப்பினேன். கையால் எழுதிய ரசீது ஒன்று கிடைத்தது.

ஜோத்பூரில் கார் வந்தது. பொக்ரானைத் தாண்டிய வழியெங்கும் வன்னி மரங்கள் நின்றன. நம் கோயில்களில் தலவிருட்சமாகப் பார்த்த மரம் இங்கே காட்டில் தானாக வளர்ந்திருப்பதைத் தந்தை வியந்து வியந்து காட்டிக்கொண்டே வந்தார். ஜெய்சல்மரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாம் மணல்மேட்டை இருட்டும் நேரத்தில் அடைந்தபோது, அங்கே கூடாரம் எதுவும் இல்லை. வரிசையாகச் சிமெண்டுத் திண்ணைகளும், துணி கழற்றப்பட்ட இரும்புக் கம்பிகளும், மணல் அடைத்த தண்ணீர்க் குழாய்களுமே இருந்தன. வெயிலுக்கும் புழுதிப் புயலுக்கும் அஞ்சி ஏப்ரலிலேயே முகாமைப் பிரித்துவிட்டதாகவும், எங்கள் பெயரில் பதிவே இல்லை என்றும் காவலாளி சொல்லி, பானைத் தண்ணீரை முதலில் தந்தைக்குக் கொடுத்தார். எங்களை இறக்கிவிடுவதற்கு மட்டுமே கூலி பேசப்பட்டதென்றார் ஓட்டுநர். கைப்பணத்தைக் கொடுத்து ஜெய்சல்மருக்குத் திரும்பி, விடுதியில் அறை எடுத்தோம். மறுநாள் தந்தைக்குத் தலைசுற்றல் வந்துவிட்டதால், 1156ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோட்டையைக்கூட அறைச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

முகவரை அங்கிருந்தே அழைத்தேன். "அங்குள்ள கூட்டாளியைக் கேட்கிறேன்" என்றார். சிங்கப்பூர் வந்தபின், கூட்டாளி ஊரில் இல்லை என்றார். பிறகு, சலுகை விலைப் பயணத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்று குறுஞ்செய்தி அனுப்பினார். ரசீதில் அப்படி ஒரு வரி இல்லை. நேரில் போனபோது கடை பூட்டியிருந்தது. இப்போது என் எண்ணை முடக்கிவிட்டார். 2,860 வெள்ளியில் ஒரு காசுகூட வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு விரிவாக எழுத எண்ணினேன், முடியவில்லை. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற முகவர்களைத் தேடலாம். நான் தாமதமாகத் தேடினேன், இவர் பெயர் அதில் இல்லை. தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அங்கே பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரைதான். மற்ற மாதங்களில் முகாமையே நேரடியாக அழைத்துக் கேளுங்கள்.

சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் மனு பதிந்திருக்கிறேன். இதே போன்ற கையெழுத்து ரசீது வைத்திருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.