வாக்குத்தத்த அட்டையா, வருட அட்டவணையா, வாரம் ஓர் அதிகாரமா?

ஜனவரி பிறந்ததும் வடசென்னையின் கிறிஸ்தவ வீடுகளுக்கு இரண்டு காகிதங்கள் வந்து சேரும். ஒன்று, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருடத்துக்கான கடவுளின் வாக்காக ஒரு வேத வசனம் அச்சிட்டது. அது பீரோ கண்ணாடியில் ஏறிவிடும். இன்னொன்று, ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கச் சொல்லும் வாசிப்பு அட்டவணை. அது பைபிளுக்குள் போய்விடும். கொஞ்சம் பேர் மட்டும் பிடித்திருக்கும் மூன்றாவது வழியும் உண்டு: ஒரே புத்தகத்தை எடுத்து, வாரம் ஓர் அதிகாரமாக, நாலைந்து பேர் கூடி வாசிப்பது. வேலை, தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடுகிறவர்களுக்கு மூன்றுக்கும் நேரமிருக்காது. எதைப் பிடிப்பது?

முதலில் வாக்குத்தத்தம். வருடத்துக்கோ தினத்துக்கோ ஒரு வசனம் என்பதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவ சபையினர் 1728லேயே அன்றன்றைய வசனத்தை வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டார்கள். மகளுக்கு ஆபரேஷன் என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு மூன்று அதிகாரம் ஓடாது. ஒரு வரி இருந்தால் அதையே சொல்லிச் சொல்லி விடியும்வரை தாங்குவார்.

சிக்கல், வசனத்தைப் பக்கத்து வசனங்களிலிருந்து பிரித்து எடுப்பதில் இருக்கிறது. அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கும் மேலே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்று வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போக, மீனவர்கள் பக்கெட்டைக் கையில் எடுத்து அள்ளினார்கள். அந்த நாட்களில் 11ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர் தன் வீட்டுக்கு நல்லது வரக் காத்திருக்கலாம். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்லும் 7ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தவர் அந்த ஆற்றுக்காகவும் ஜெபிக்க வேண்டும், ஆற்றுக்காக மனு எழுதுகிறவர் பக்கத்திலும் நிற்க வேண்டும். விசுவாசம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

அடுத்தது வருட அட்டவணை. 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு. ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842இல் தன் சபைக்காகப் போட்ட அட்டவணையில் தினம் நான்கு அதிகாரம். அதில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் வருடத்துக்கு இரண்டு முறை வரும். இதில் நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்க முடியாது. அதுதான் இதன் பெரிய பலம்.

ஆனால் பிப்ரவரியில் லேவியராகமம் வந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். பலிகளையும் தீட்டுகளையும் தாண்டி 19ஆம் அதிகாரம் வரை வந்தால், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகிற அக்காவுக்கு 'மேஸ்திரி சனிக்கிழமை தருவார்' என்பது பழகிப்போன பேச்சு. அவர் பக்கம் நிற்கிற இந்த வசனத்தை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அட்டவணைப்படி வாசிப்பவர் கண்ணில் இது படும். அன்றைக்கு இன்னும் இரண்டு அதிகாரம் பாக்கி என்ற அவசரத்தில், பட்டதும் தாண்டிப் போய்விடும்.

கத்தோலிக்க வீடுகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. திருப்பலி வாசகங்கள் ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுற்றாக ஏற்கெனவே வகுக்கப்பட்டவை. அன்றைய வாசகத்தை வீட்டிலும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் ஃபாதரின் மறையுரை வேறு மாதிரி கேட்கும்.

மூன்றாவது, மெதுவாக ஒரே புத்தகம். என் ஓட்டு இதற்கு. காசிமேட்டில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் யோவான் 21 வாசித்தோம். ராத்திரி முழுக்க மீன்பாடு இல்லாமல் வந்தவர்கள், இயேசு சொன்ன பக்கம் வலையைப் போட்டு 153 பெரிய மீன்களோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பில் மீனும் அப்பமும் தயாராக இருக்கிறது. தொழிலுக்குப் போகிற அண்ணன் ஒருவர் கேட்டார்: "அவர்கிட்ட மீன் இருக்கு. அப்புறம் எதுக்கு நீங்க பிடிச்சதையும் கொண்டாங்கன்னு கேக்குறாரு?" மீன் விற்கிற அக்கா சொன்னார்: "ராத்திரி பூரா உழைச்சவனை வெறுங்கையா சாப்பிட உக்கார வைக்க மனசு வரல போல." பிறகு இன்னொருவர் மூன்று அதிகாரம் முன்னால் புரட்டி, இயேசுவைத் தெரியாது என்று சீடர் பேதுரு மறுதலித்த ராத்திரியிலும் குளிர் காய்ந்தது கரிநெருப்பில்தான் என்று காட்டினார். அங்கே மூன்று முறை மறுதலித்தவரிடம், இங்கே மூன்று முறை 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்ற கேள்வி. இதெல்லாம் வேகமாகப் போனால் கிடைக்காது, தனியாக வாசித்தாலும் பாதிதான் கிடைக்கும்.

இதிலும் குறை உண்டு. நாலு பேருக்கும் ஒரே நேரம் அமையாது, ஷிப்ட் மாறும், பேச்சு வழிமாறி ஊர்க்கதைக்குப் போகும். இந்த வேகத்தில் முழு வேதாகமமும் முடிய ஏறக்குறைய இருபத்துமூன்று வருடம் ஆகும். அதனால் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர் ஒருமுறையாவது வருட அட்டவணையை முடித்துவிடட்டும். ஒன்றரை வருடம் இழுத்தாலும் சரி. நோயிலும் துக்கத்திலும் இருக்கிறவருக்கு ஒரு வசனம் போதும், அவரிடம் அட்டவணையை நீட்ட வேண்டாம். மற்றவர்கள் அட்டையில் வந்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசித்துவிடலாம், பத்து நிமிஷம்கூட ஆகாது.

கூடி வாசிக்க ஆரம்பிப்பவர்களுக்கு மாற்கு சுவிசேஷம் நல்லது. 16 அதிகாரம், வாரம் ஒன்று என்றால் நான்கு மாதம். ஒருவர் சத்தமாக வாசித்தால் போதும், எழுத்து தெரியாத பாட்டியும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம்.