இன்ரெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2: குளத்துக்கு ஓம், மாரியாற்றுக்கு வேண்டாம்

இந்த மஞ்சள் காற்றுப்படகை வாங்க விசாரிக்கும் வன்னிப் பெடியள் பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்பார்கள். குளத்தில் ஓடுமா? மாரியில் ஆறு பெருகும்போது கூடாரத்தையும் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஆற்றோடு இறங்கலாமா? முதலாவதுக்குத் தாராளமாக ஓம். இரண்டாவதுக்கு இல்லை. அந்த 'இல்லை'க்குக் காரணம் படகு மட்டுமல்ல, எங்கள் ஆறுகளும்தான்.

பெட்டிக்குள் வருவது இவ்வளவு: 312 சென்ரிமீற்றர் நீளமும் 91 அகலமும் 51 உயரமும் உள்ள வினைல் படகு, காற்றடிக்கும் இரண்டு இருக்கை, இரண்டு அலுமினியச் சவள், ஒரு கைப்பம்ப், அடியில் கொளுவும் கழற்றக்கூடிய செதில் (படகை நேராக ஓடவைக்கும் மீன்செட்டை மாதிரித் துண்டு). செதில் இல்லாவிட்டால் சவளை வலிக்கும் ஒவ்வொரு முறையும் படகு தலையை ஆட்டும். அலைகரையில் சேறு முட்டும் இடத்தில் மட்டும் அதைக் கழற்றுங்கள். காற்றடிக்கும்போது ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போகக்கூடாது. இரண்டையும் பாதிப்பாதியாக ஏற்றினால்தான் படகு முறுகாமல் நேராக நிற்கும்.

கொள்ளளவு 180 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் என்பதைப் படித்தவுடன் இரண்டு பேரும் சாமான்களும் என்று நினைத்துவிடக் கூடாது. வளர்ந்த இருவர் 140 கிலோ. களப்புப் பக்கம் போனால் அங்கே தண்ணீர் உவர் என்பதால் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கொண்டுபோகவேண்டும். ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர் என்று பார்த்தாலும் மூன்று நாளுக்கு 24 லீற்றர், அதாவது 24 கிலோ. அரிசி, பருப்பு, சட்டி, படங்கு, கூடாரம் எல்லாம் 15 கிலோவுக்குக் குறையாது. கூட்டினால் 179. எல்லையில் நிற்கும் படகு தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து பாரமாக நகரும், சின்ன அலைக்கும் உள்ளே தண்ணீர் ஏறும். இரண்டு இரவுப் பயணத்துக்கு ஒரு படகில் ஒருவர், பின்னிருக்கையின் இடத்தில் சாமான் என்று வைப்பதே சரி. இரண்டு பேர் ஏறினால் காலையில் போய்ப் பின்னேரம் திரும்புங்கள்.

வெயில்தான் இந்தப் படகின் மற்றப் பெரிய எதிரி. இந்த வகைப் படகில் காற்றழுத்தம் மிகக் குறைவு, ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ. விடிய 25 பாகையில் இறுக்கி அடித்த படகைக் கரையில் போட்டு, வினைல் 45 பாகைக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வினைல் இழுபட்டுக் கொஞ்சம் இடம் கொடுக்கும், ஆனால் ஓரத்து ஒட்டுத்தான் முதலில் விடும். ஒட்டு விட்ட இடத்தைத் திருத்துவது லேசான வேலையல்ல. ஆகவே கரையில் ஏற்றியவுடன் கொஞ்சக் காற்றைத் திறந்துவிட்டு நிழலுக்குள் இழுங்கள். மறுபடி தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தொய்யும், அப்போது பத்துப் பதினைந்து தரம் பம்ப் அடித்தால் போதும். தொய்ந்திருப்பதைப் பார்த்து ஓட்டை என்று பயந்து ஒட்டுப் போடத் தொடங்குபவர்கள் நிறையப்பேர்.

உண்மையான ஓட்டை முள்ளால் வரும். உடைமுள், ஈச்சம்முள், கரையில் கிடக்கும் மட்டி ஓடு எல்லாம் வினைலைத் துளைக்கும். சவர்க்காரத் தண்ணீர் பூசினால் நுரை எழும் இடம் தெரியும். சைக்கிள் ரியூப்புக்குப் பூசும் சொலூஷன் ரப்பருக்கானது. வினைலில் ஒட்டினமாதிரி இருக்கும், மறுநாள் உரிந்துவிடும். பைப் ஒட்டும் பிவிசி பசையும் வேண்டாம், அது காய்ந்து விறைத்து, மடிக்கும்போது வெடிக்கும். மென்வினைலுக்கான பசையும் அதே வினைல் துண்டும் வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து, காற்றை இறக்கி, தட்டையாக வைத்து ஒட்டிப் பாரம் வைத்து, ஓர் இரவு விடுங்கள்.

இனி ஆற்றுக்கு வருவோம். ஆற்றுப் பாய்ச்சலை 1 (மிக லேசு) முதல் 6 (மிக ஆபத்து) வரை தரம் பிரிப்பார்கள். களனி கங்கை கித்துல்கலவில் 2, 3ஆம் தரம். அங்கே பாறை, சரிவு, நுரை, அதற்கேற்ற தடித்த ராப்ட் (காற்றடித்த தெப்பம்), தலைக்கவசம், வழிகாட்டி எல்லாம் உண்டு. வெள்ளைநீர் ஓடத்தான் ஆசை என்றால் அங்கே காசு கட்டிப் போவது இந்தப் படகு வாங்குவதைவிட மலிவு. வன்னியில் நிலம் தட்டை. கனகராயன் ஆறும் பாலியாறும் பறங்கியாறும் கோடையில் மணல். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையில்தான் ஓடும். இரணைமடுவில் வான்கதவு திறந்தால் கீழே கனகராயன் ஆறு சுண்டிக்குளம் வரை வயலும் காடும் தெரியாமல் பரவும். 2018 மார்கழி வெள்ளத்தை மறந்தவர்கள் கிளிநொச்சியில் இருக்கமாட்டார்கள். அந்தத் தண்ணீரில் நுரையில்லை, அதனால் பயமும் வராது. பிழையே அங்கேதான்.

ஆற்றோரத்து மருதமரம் சரிந்து குறுக்கே கிடந்தால் தண்ணீர் கிளைகளுக்குள்ளால் போகும், ஆள் போகமுடியாது. அரிதட்டில் மாட்டிய கல்லுமாதிரித்தான். ஓட்டம் இரு மடங்கானால் அழுத்தும் விசை நாலு மடங்கு. படகு குறுக்காக மரத்தில் முட்டினால் பயத்தில் எல்லாரும் மரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அப்படிச் சாய்ந்தால் மேல்நீர்ப் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, படகு தண்ணீரை அள்ளிப் புரளும். மரத்தின் பக்கமே சாயவேண்டும். இந்தக் கே2வுக்குள் அள்ளிய தண்ணீர் தானாக வடியாது. இரண்டரை மீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் அகலத்தில் 10 சென்ரிமீற்றர் நின்றாலே 100 லீற்றர், அதாவது இன்னொரு 100 கிலோ. பிறகு சவள் பிடித்தும் பயனில்லை. ராப்டுகளில் அடித்தள ஓரத்தில் வடிதுளைகள் வைப்பது இதனால்தான்.

வெள்ளத்துக்குள் மூழ்கிய முள்ளுக்கம்பி வேலியும் யானைவேலியும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அருவியாற்றில் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் திருப்பும் தேக்கம் போன்ற அணைகள் இன்னும் மோசம். அணையால் விழும் தண்ணீர் கீழே சுருண்டு, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி ஓடும். அந்தச் சுருளுக்குள் அகப்பட்ட படகையோ ஆளையோ அது வெளியே விடாது, விழுந்த இடத்திலேயே உருட்டும். மேலேயிருந்து வருபவருக்கு ஒரு நேர்கோடு மட்டும்தான் தெரியும். இந்த ஓர் ஆபத்துக்காகவே மாரியாற்றில் இதை இறக்கவேண்டாம் என்கிறோம்.

ஆசை தீரவேண்டுமென்றால் தை கடைசி தொடக்கம் பங்குனி வரை நல்ல காலம். குளங்கள் நிறைந்திருக்கும், வாடை தணிந்திருக்கும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், களப்பென்றால் நந்திக்கடல், நாயாறு. 51 சென்ரிமீற்றர் உயரப் படகு காற்றுக்குப் பாய்மாதிரி. காலை ஆறுக்கு இறங்கிப் பத்துக்குள் கரையேறுங்கள். சோளகம் எழும்பும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு எதிர்க்காற்றில் வலித்தால் நின்ற இடத்தில் நிற்பீர்கள். களப்பில் சிறகுவலைத் தடிகளுக்கு நடுவால் போகக்கூடாது. முதலில் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனால் வழியும் காட்டுவார்கள்.

முகாமைத் தண்ணீர் விளிம்பில் போடாதீர்கள். குளத்து முதலையும் பின்னேரம் தண்ணீருக்கு வரும் யானையும் அந்த விளிம்பைத்தான் பாவிக்கும். காட்டுக்கரையில் கண்ட இடத்தில் இறங்கவும் கூடாது. மிதிவெடி முழுக்க அகற்றப்படாத நிலம் இன்னும் இருக்கிறது, வெள்ளம் மண்ணை அரித்து இடமும் மாற்றும். ஊர்ச்சனம் குளிக்கும், தோணி கட்டும் துறையில் மட்டும் ஏறுங்கள். குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தையும், சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காப் பகுதிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேளுங்கள். அனுமதியில்லாமல் இரவு தங்கினால் வழக்கு.

படகோடு சேர்த்து வாங்கவேண்டியவை: ஆளுக்கொரு மிதவை அங்கி, ஒரு விசில், 15 முதல் 20 மீற்றர் மிதக்கும் கயிறு. நைலோன் கயிறு தாழும், பொலிபுரோப்பிலீன் மிதக்கும், கடையில் கேட்டே வாங்குங்கள். அந்தக் கயிற்றை ஒருபோதும் இடுப்பில் கட்டாதீர்கள்.

கடையில் பெட்டியைத் திறக்கவிடாவிட்டாலும், மாற்றித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் நிழலில் காற்றடித்து, ஓர் இரவு விட்டு, விடியப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரேமாதிரித் தொய்ந்தால் வெப்பநிலை மாற்றம். ஒரு பக்கம் மட்டும் தொய்ந்தால் வால்வின் மூடியை மீண்டும் இறுக்கி இன்னோர் இரவு பாருங்கள். அதன்பிறகும் தொய்ந்தால் பிழை ஓரத்து ஒட்டில்தான், திருப்பிக் கொடுங்கள். பாவித்தபின் உவர்நீரைக் கழுவி, மடிப்புக்குள் ஈரமில்லாமல் காயவைத்து, உரப்பையில் போட்டு வளையில் தொங்கவிடுங்கள். நெல்மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் எலி கடிக்கும் துளைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.